நூற்று முப்பது கோடி வோல்ட்: இடிமேகமும் காஸ்மிக் கதிர்களும்

(கல்லூரி இயற்பியல் துறையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியலைத் தமிழில் பேச ஒரு மேடை வேண்டும் என்பதற்காகவே இந்த அறக்கட்டளை தொடங்கப்பட்டது என்று அழைப்பிதழில் படித்தேன். அதற்குப் பொருத்தமாக, நம் மாநிலத்து மலை ஒன்றின்மேல் நடந்த ஒரு நிகழ்வையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2014 டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்துக்கு மேலே ஓர் இடிமேகம் கடந்து போனது. அதன் மின்னழுத்த வேறுபாடு உச்சத்தில் 130 கோடி வோல்ட்டைத் தொட்டது என்று அங்கிருக்கும் ஆய்வுக்குழு 2019 மார்ச்சில் ‘பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழில் அறிவித்தது. அதுவரை பலூன்களை அனுப்பி மேகங்களுக்குள் அளந்ததில் மிகப் பெரிய மதிப்பு சுமார் 13 கோடி வோல்ட். ஊட்டியில் கிடைத்தது அதைப்போல் பத்து மடங்கு.

பலூன் விடாமல், விமானம் அனுப்பாமல், மேகத்தைத் தொடாமல் இந்த அளவை எடுத்திருக்கிறார்கள். விண்வெளியிலிருந்து வந்து மேகத்தைத் துளைத்துத் தரையிறங்கும் துகள்களை எண்ணினார்கள்; அவ்வளவுதான். எண்ணிக்கையிலிருந்து வோல்ட் எப்படி வந்தது, அந்த எண்ணில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதே இன்றைய என் பேச்சு.

வில்சன் விட்டுப்போன கேள்வி

இந்த வழக்கு ஸ்காட்லாந்தில் தொடங்குகிறது. சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர் 1894இல் பென் நெவிஸ் மலை உச்சியிலிருந்த வானிலை ஆய்வகத்தில் சில வாரங்கள் பணிபுரிந்தார். மேகங்களின்மேல் வெயில் பட்டு உண்டாகும் ஒளி வளையங்களைப் பார்த்து, அவற்றை ஆய்வகத்தில் செய்துபார்க்க முனைந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் துகள்களின் தடங்களைக் கண்ணுக்குக் காட்டும் மேக அறை. அதற்காக 1927இல் நோபல் பரிசு பெற்றார். முன்னதாக, பென் நெவிஸில் பணிபுரிந்த மறு ஆண்டு, 1895இல், அதே பகுதிக்குத் திரும்பியபோது, மலை முகட்டில் இடிமழைக்கு முன் தலைமுடி நட்டுக்கொண்டதையும் அவர் அனுபவித்தார். மேகம், மின்சாரம், துகள் மூன்றும் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

1901இல் ஒரு கருவியைப் பீபிள்ஸ் ஊருக்கு அருகிலுள்ள ரயில் சுரங்கப்பாதைக்குள் இரவில் எடுத்துச் சென்றார். அடைத்துவைத்த காற்றிலும் அயனிகள் தாமாக உண்டாகிக்கொண்டே இருக்கின்றனவே, அதற்குக் காரணம் பூமிக்கு வெளியிலிருந்து வரும் கதிராக இருக்குமோ என்பது அவருடைய ஐயம். சுரங்கத்துக்குள் அயனிகள் குறையவில்லை. ஆகவே அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் 5,350 மீட்டர்வரை ஏறி, மேலே போகப்போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று காட்டினார். காஸ்மிக் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட நாளாக அறிவியல் உலகம் அதைக் கொண்டாடுகிறது.

வில்சன் இன்னொரு பக்கத்திலிருந்து இதே பொருளுக்கு வந்து சேர்ந்தார். இடிமேகத்துக்குள் இருக்கும் வலுவான மின்புலம் ஒரு வேகமான எலக்ட்ரானை மேலும் மேலும் முடுக்கிவிட முடியும் என்று 1925இல் எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், இடிமேகத்தின் மின்னழுத்த வேறுபாடு 100 கோடி வோல்ட் அளவை எட்டக்கூடும் என்றும் கணக்கிட்டார். ஷான்லண்ட் என்ற ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவில், இடிமேகங்களுக்குக் கீழே ஊடுருவு கதிர்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று 1930களின் தொடக்கத்தில் அளந்து பார்த்தார். அன்றைய கருவிகளின் எண்ணிக்கை வேகத்துக்கு அந்தக் கேள்வி பெரியது. வில்சன் சொன்ன 100 கோடி வோல்ட், தொண்ணூறு ஆண்டுகள் அளவீடு இல்லாத மதிப்பீடாகவே நின்றது.

பலூன் ஏன் போதவில்லை? பலூன் மேகத்துக்குள் மெதுவாக ஏறுகிறது. தான் இருக்கும் புள்ளியில், அந்த நொடியில் உள்ள மின்புலத்தை மட்டும் அளக்கிறது. கீழிருந்து மேல் போய்ச் சேர்வதற்குள் மேகம் வேறொன்றாகிவிடுகிறது. நடுவே சில மின்னல்கள் வெட்டி, சேர்ந்த மின்னூட்டத்தில் ஒரு பகுதியைக் காலி செய்துவிடுகின்றன. மேகத்தின் அடி முதல் முடி வரை ஒரே கணத்தில் உள்ள மொத்த மின்னழுத்த வேறுபாடு வேண்டுமென்றால், அந்த முழு உயரத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கடக்கும் ஒன்று வேண்டும். அது மின்னூட்டம் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

மேகத்தைக் கடக்கும் துகள்

விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்களும் அணுக்கருக்களும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் காற்று அணுக்களோடு மோதுகின்றன. மோதலில் பிறக்கும் பையான்கள் நொடியின் கோடியில் ஒரு பங்குக்குள்ளாகவே சிதைந்து மியூவான்களைத் தருகின்றன. மியூவான் எலக்ட்ரானின் உறவுக்காரத் துகள்; அதே அளவு மின்னூட்டம், ஆனால் சுமார் 207 மடங்கு நிறை. நிறை அதிகம் என்பதால் காற்றில் எளிதில் சிதறுவதில்லை. ஏறக்குறைய நேர்க்கோட்டில் தரைவரை வருகிறது.

ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் போக முடியும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பது தரையைத் தொடுவது எப்படி? வேகத்தால் அதன் ஆயுள் நம் கடிகாரப்படி நீள்கிறது. வேகமாகச் செல்லும் இத்தகைய துகளின் ஆயுள் சார்பியல் கொள்கைப்படி நீள வேண்டும் என்று 1938லேயே சுட்டிக்காட்டியவர் ஹோமி பாபா. பின்னாளில் அவர் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம்தான் நாம் பேசப்போகும் ஊட்டி ஆய்வகம்.

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது. நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கை வழியாகச் சில மியூவான்கள் போயிருக்கும்.

இப்போது அலகுகளைக் கவனியுங்கள். ஓர் எலக்ட்ரானுக்குரிய மின்னூட்டம் கொண்ட துகள், ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடந்தால் அதன் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட் கூடும் அல்லது குறையும். 130 கோடி வோல்ட்டைக் கடந்தால் 130 கோடி எலக்ட்ரான் வோல்ட். தரைக்கு வரும் மியூவான்களின் ஆற்றல் பெரும்பாலும் சில நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் இருக்கிறது. ஆகவே வில்சன் சொன்ன அளவுக்கு மின்னழுத்தம் உள்ள மேகம் வழியில் நின்றால், மியூவான் அதை உணராமல் போக முடியாது.

ஊட்டியில் உள்ள கருவி

உதகமண்டலத்தில், கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி இயங்குகிறது. இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்துவது. இந்த நட்புக்கு வயது அதிகம். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவுசெய்த குழுவிலும் டாட்டா நிறுவனத்தாரோடு ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தார் இருந்தார்கள்.

கிரேப்ஸ்-3இல் இரண்டு பகுதிகள். ஒன்று, 25,000 சதுர மீட்டர் நிலப்பரப்பில் எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பிவைக்கப்பட்ட சுமார் 400 ஒளிர் பிளாஸ்டிக் உணர்விகள். மற்றொன்று, 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி. ஆறு மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகல உயரமும் உள்ள, வாயு நிரப்பிய 3,712 எஃகுக் குழாய்களை நான்கு அடுக்குகளாக, ஓர் அடுக்குக்கு அடுத்த அடுக்கு குறுக்காக, அடுக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கு மேல் சுமார் இரண்டு மீட்டர் தடிப்புள்ள கான்கிரீட். எலக்ட்ரான்களும் வலுக்குறைந்த மியூவான்களும் கான்கிரீட்டிலேயே நின்றுவிடும். செங்குத்தாக வரும் மியூவானுக்குக் குறைந்தது 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருந்தால்தான் உள்ளே வந்து பதிவாகும். எந்தெந்தக் குழாய்கள் வழியாகப் போனது என்பதை வைத்து, வானத்தின் 169 திசைகளில் எதிலிருந்து வந்தது என்றும் சொல்லிவிடலாம்.

நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள். நிமிடத்துக்கு 25 லட்சத்துக்கு மேல். இந்தப் பெருக்கம்தான் இங்கே கதாநாயகன். தற்செயலாக விழும் துகள்களை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். 25 லட்சத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,600. அதாவது ஒரே நிமிடத்தில் 0.06 சதவீதத் துல்லியம். வானத்தை ஒன்பது துண்டாகப் பிரித்தால் சராசரியாக ஒரு துண்டுக்கு நிமிடத்துக்கு 2.8 லட்சம் மியூவான்கள், தடுமாற்றம் 0.2 சதவீதத்துக்கும் கீழே. ஒரு சதுர மீட்டர் கருவியை வைத்துக்கொண்டு இதே துல்லியத்தை எட்ட வேண்டுமானால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடிமேகம் அவ்வளவு நேரம் தலைக்கு மேல் காத்திருக்காது. ஷான்லண்டுக்குக் கிடைக்காதது இந்த வேகம்தான்.

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்

மின்புலம் மியூவான்களை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது என்பதற்கு ஒரே ஓர் உவமை சொல்லிக்கொள்கிறேன். தேர்ச்சி மதிப்பெண் 35. ஒரு பள்ளியில் மாணவிகள் 100 பேர், மாணவர்கள் 125 பேர். மறுதிருத்தத்தில் மாணவிகள் எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண் கூடுகிறது. மாணவர்கள் எல்லோருக்கும் ஐந்து குறைகிறது. எழுபது, எண்பது வாங்கியவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்பவர்களின் முடிவுதான் மாறும். முப்பத்திரண்டு வாங்கிய மாணவிகள் தேறுவார்கள். முப்பத்தேழு வாங்கிய மாணவர்கள் தோற்பார்கள். பாதிக்கு மேல் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மாணவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் அதிகம் என்பதால், பள்ளியின் மொத்தத் தேர்ச்சி கொஞ்சம் குறையும்.

மியூவான்களின் கணக்கும் இதுதான். 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் என்ற கான்கிரீட் வரம்புதான் தேர்ச்சி மதிப்பெண். மியூவான்களில் நேர்மின், எதிர்மின் இரண்டும் உண்டு. விண்வெளியிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை நேர்மின் புரோட்டான்கள் என்பதால், தரைக்கு வரும் மியூவான்களிலும் நேர்மின் மியூவான்கள் கூடுதல். 100 எதிர்மின் மியூவானுக்கு ஏறத்தாழ 120 முதல் 130 வரை. மேகத்தின் மின்புலம் நேர்மின் மியூவான்களைத் தடுக்கும் திசையில் இருந்தால், எதிர்மின் மியூவான்களை அதுவே முடுக்கிவிடும். இரண்டும் சமமாக இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்திருக்கும்; நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. சமமில்லை என்பதால் ஒரு மீதம் நிற்கிறது. மின்புலம் திசை மாறினால் குறைவுக்குப் பதில் கூடுதல் வரும்.

130 கோடி வோல்ட் என்ற பிரம்மாண்டமான எண், மியூவான் எண்ணிக்கையில் வெறும் இரண்டு சதவீதக் குறைவாக வெளிப்பட்டதன் காரணம் இதுவே. பெரிய விளைவுகள் இரண்டு எதிரெதிராக நிற்க, அவற்றின் மீதத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

டிசம்பர் 1

நீலகிரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழைகளும் உண்டு, கோடையிடியும் உண்டு. 2011 ஏப்ரலிலிருந்து 2014 டிசம்பர்வரை கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி 184 இடிமழைகளைப் பதிவுசெய்தது. அவற்றில் 2014 டிசம்பர் 1 அன்று வந்தது தனித்து நின்றது. சுமார் 18 நிமிடங்கள் நீடித்த மியூவான் குறைவு, ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்கு நகர்ந்துகொண்டே போனது.

மியூவான் எண்ணிக்கை வேறு காரணங்களாலும் மாறும். காற்றழுத்தம் மாறினால் மாறும். மேலடுக்கின் வெப்பநிலை மாறினால் மாறும். சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலைத்தாலும் மாறும். 2015 ஜூன் 22 அன்று அப்படியொரு புயலின்போது இதே தொலைநோக்கி இரண்டு மணி நேர மியூவான் பெருக்கைக் கண்டது. அவையெல்லாம் மணிக்கணக்கில் நீடிப்பவை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நிமிடக் கணக்கில் ஊர்ந்து போகாதவை. நிமிடங்களில் பிறந்து, வானத்தில் நடந்து, நிமிடங்களில் மறையும் ஒரு குறைவு, தலைக்கு மேலுள்ள மேகத்துக்கே உரியது.

தொலைநோக்கியைச் சுற்றி, ஆறு கிலோமீட்டர்வரை தள்ளித் தள்ளி, நான்கு மின்புல மானிகள் தரையில் வைக்கப்பட்டிருந்தன. மேகம் முதலில் ஒன்றன்மேல் வந்தது, பிறகு மற்றொன்றன்மேல். அந்தக் கால இடைவெளியிலிருந்து மேகம் நிமிடத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது தெரிந்தது. மியூவான் தொலைநோக்கியில் அதே மேகத்தின் நிழல் நிமிடத்துக்கு ஆறு பாகைக்குச் சற்று மேல் நகர்ந்தது. நேர்வேகமும் கோணவேகமும் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும்: கருவிக்கு மேல் 9.2 கிலோமீட்டர், ஊட்டியின் உயரத்தைக் கூட்டினால் கடல் மட்டத்திலிருந்து 11.4 கிலோமீட்டர். பள்ளிக்கூடக் கோணவியல்தான். அது நிழலில் கிடைத்த உயரம் என்பதுதான் புதுமை.

மேகத்தின் பரப்பு குறைந்தது 380 சதுர கிலோமீட்டர். உச்ச மின்னழுத்தத்தை எட்ட ஆறு நிமிடம் பிடித்தது. அப்படியானால் மேகம் மின்னூட்டம் பெற்ற திறன் குறைந்தது 2,000 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்து முழு வீச்சில் தரும் திறன் அது. ஆறு நிமிடத்தில் சேர்ந்த ஆற்றல், நம் மின்கட்டண அட்டைக் கணக்கில் இரண்டு லட்சம் யூனிட்.

பி. ஹரிஹரன், சுனில் குப்தா உள்ளிட்ட குழுவினர், மேகத்தில் வெவ்வேறு மின்னழுத்தங்களை வைத்துக் கணினியில் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை நடத்திப் பார்த்தார்கள். எந்த மின்னழுத்தத்தில் மியூவான் குறைவு அளந்ததோடு பொருந்துகிறது என்று தேடியபோது கிடைத்த விடைதான் 130 கோடி வோல்ட்.

எண்ணை எப்படி நம்புவது

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். செய்தித்தாளில் இந்தச் செய்தி ‘மேகத்தை அளந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் இதில் இரண்டு படிகள் இருக்கின்றன. மியூவான் இரண்டு சதவீதம் குறைந்தது என்பது அளவீடு. அது 130 கோடி வோல்ட் என்பது அளவீட்டிலிருந்து ஒரு மாதிரியின் வழியாகப் பெற்ற முடிவு. முதற்படியின் உறுதி வேறு, இரண்டாம் படியின் உறுதி வேறு.

முதற்படியில் எனக்கு ஐயமில்லை. லட்சக்கணக்கில் எண்ணிக் கிடைத்த இரண்டு சதவீதம், தடுமாற்றத்தைப்போல் பல பத்து மடங்கு பெரியது.

இரண்டாம் படியில் மியூவானின் இயல்பு நமக்கு உதவவும் செய்கிறது, கையை விரிக்கவும் செய்கிறது. கடந்து வந்த மொத்த மின்னழுத்த வேறுபாட்டை அது நேரடியாகச் சொல்லும். அந்த வேறுபாடு எந்த உயரத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதைச் சொல்லாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 கோடி வோல்ட்டும் இரண்டு கிலோமீட்டர் தடிப்புக்குள் அடங்கியிருந்தால், மின்புலம் மீட்டருக்கு 6.5 லட்சம் வோல்ட். பத்து கிலோமீட்டரில் பரவியிருந்தால் 1.3 லட்சம். இவற்றில் எது என்பது சாதாரண வேறுபாடு இல்லை. ஏனென்றால் காற்றில் வேகமான எலக்ட்ரான்கள் பெருகிப் பெருகி ஓடத் தொடங்குவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. கடல் மட்டத்தில் அது மீட்டருக்கு ஏறக்குறைய 2.8 லட்சம் வோல்ட். காற்று மெலிய மெலிய அதுவும் குறையும். எட்டு, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட்டைச் சற்றுத் தாண்டினாலே போதும். அதற்குப் பல மடங்கு மேலான மின்புலம் நிமிடக்கணக்கில் நிலைத்து நிற்குமா? எலக்ட்ரான் பெருக்கே அதைக் கசியவிட்டுவிடாதா? ஆகவே மின்புலம் அதிக உயரத்துக்குப் பரவி, மிதமாக இருந்திருக்கலாம் என்று நினைப்பதற்கு இடமிருக்கிறது. மேகத்தின் அடுக்குகளை மாற்றி வைத்துக் கணக்கிட்டால் வோல்ட்டும் கொஞ்சம் நகரக்கூடும்.

பலூனுக்கு இதற்கு நேர்மாறான குணம். தான் இருந்த இடத்தின் மின்புலத்தைத் துல்லியமாகச் சொல்லும். மேகத்தின் முழுக் கணக்கைச் சொல்லாது. மியூவான் கூட்டுத்தொகையைத் தருகிறது, பலூன் ஒரு வரியைத் தருகிறது. மாணவர்களே, இடிமேக ஆய்வில் அடுத்த முன்னேற்றம் ஒரே மேகத்தை இரண்டு முறைகளாலும் ஒரே நேரத்தில் அளப்பதிலிருந்துதான் வரும் என்பது என் துணிபு.

எலக்ட்ரான்கள் வேறு விதமாகச் சொல்கின்றன

இதுவரை கான்கிரீட்டுக்குக் கீழே மியூவானை எண்ணினோம். கான்கிரீட்டை எடுத்துவிட்டால் காட்சி தலைகீழாகிறது. எலக்ட்ரான் லேசானது; மேகம் அதை எளிதாகத் தூக்கி வீசும். முடுக்கப்பட்ட ஓர் எலக்ட்ரான் காற்றணுக்களிலிருந்து மேலும் எலக்ட்ரான்களைத் தட்டிவிட, அவையும் முடுக்கம் பெற, ஒரு சரிவு உண்டாகிறது. வில்சன் 1925இல் கண்ட முடுக்கத்தை இந்தச் சரிவாக விரித்து 1992இல் குரெவிச்சும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். சரிவைத் தொடங்கிவைக்க ஏற்கெனவே வேகமாக ஓடும் எலக்ட்ரான் ஒன்று வேண்டும். அதைத் தருவது காஸ்மிக் கதிர்.

காக்கசஸ் மலைகளில் பாக்சான் ஆய்வகத்தார் 1980களிலிருந்து இடிமழையின்போது துகள் எண்ணிக்கை மாறுவதைக் கவனித்துவந்தார்கள். ஆர்மீனியாவில் அரகாட்ஸ் மலையில், 3,200 மீட்டர் உயரத்தில், ஆஷோட் சிலிங்காரியனின் குழு 2009 செப்டம்பர் 19 அன்று மிகப் பெரிய பெருக்கு ஒன்றைப் பதிவுசெய்தது. எலக்ட்ரான்களும் காமா கதிர்களும் நியூட்ரான்களும்கூடச் சில நிமிடங்களுக்குக் கொட்டின. அங்கே மேகத்தின் அடி மலையுச்சிக்கு மிக அருகில் தொங்கும். எலக்ட்ரான்கள் காற்றில் கரைந்துபோகுமுன் கருவியை எட்டிவிடுகின்றன.

ஜப்பான் கடற்கரையிலும் இதே வசதி உண்டு. குளிர்கால இடிமேகங்கள் அங்கே மிகத் தாழ்வாக வரும். 2017 பிப்ரவரி 6 அன்று காஷிவாசாகி-கரிவா அணுமின் நிலையத்துக்கு அருகே ஒரு மின்னல் வெட்டியது. தெருவாகி எனோட்டோவின் குழு அங்கே வைத்திருந்த உணர்விகள் முதலில் மில்லி வினாடிக்கும் குறைவான காமா வெடிப்பைக் கண்டன. பிறகு, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு, எலக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்து அழியும்போது மட்டும் வரும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளியைக் கண்டன. காமா கதிர், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பெயர்த்தெடுத்திருக்கிறது. எஞ்சிய நைட்ரஜன்-13 சுமார் பத்து நிமிட அரை ஆயுளில் சிதைந்து பாசிட்ரானைத் தந்திருக்கிறது. இடிமழையில் அணுக்கரு வினை நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது. அந்த ஆய்வுக்கான பணத்தில் ஒரு பகுதியைப் பொதுமக்களிடம் திரட்டினார்கள் என்பதை, அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு சொல்லாமல் விடக் கூடாது.

விண்வெளியிலிருந்தும் இதைப் பார்த்திருக்கிறார்கள். வானத்தின் தொலைதூர காமா வெடிப்புகளைத் தேடப்போன காம்ப்டன் செயற்கைக்கோள், பூமியிலிருந்தே மேல்நோக்கி வரும் மில்லி வினாடி காமா பளிச்சிடல்களைக் கண்டது; 1994இல் ஃபிஷ்மன் குழு அதை அறிவித்தது. 2009 டிசம்பர் 14 அன்று எகிப்துக்கு மேல் பறந்துகொண்டிருந்த ஃபெர்மி செயற்கைக்கோளை, ஜாம்பியாவில் இடித்த மேகத்திலிருந்து கிளம்பிய துகள்கள், பூமியின் காந்தக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்து தாக்கின. அவற்றில் பாசிட்ரான்களும் இருந்தன. இந்தப் பளிச்சிடல்களில் சில, பத்து கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்வரை போகின்றன. அவ்வளவு ஆற்றலைத் தரும் மின்னழுத்தம் மேகத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. ஊட்டி அளவீட்டின் முக்கியத்துவம் இங்கேதான். 130 கோடி என்பது நாளை 100 கோடி என்றோ 80 கோடி என்றோ திருத்தப்பட்டாலும், அந்தக் கேள்விக்கான விடை மேகத்துக்குள்ளேயே இருக்கிறது என்ற முடிவு மாறாது.

மேகத்துக்குக் கதிர் செய்வது

மேகம் கதிரை மாற்றுகிறது என்று பார்த்தோம். கதிர் மேகத்தை மாற்றுகிறதா? மின்னல் வெட்டுவதற்குக் காற்று உடைய வேண்டும். வறண்ட காற்று தரைமட்டத்தில் உடைய மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் வேண்டும். மேகத்துக்குள் அளந்த மின்புலங்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கின்றன. பின் மின்னல் எப்படித் தொடங்குகிறது? உயர் ஆற்றல் காஸ்மிக் கதிர் ஒன்றின் பொழிவு மேகத்துக்குள் பாதை போட்டுக்கொடுக்கிறது என்பது குரெவிச்சின் கருத்து. பனித்துகள்களின் கூர்முனைகளில் மின்புலம் குவிந்து தொடங்கிவைக்கிறது என்பது மறுதரப்பு. வழக்கு இன்னும் முடியவில்லை. உலகெங்கும் வினாடிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மின்னல்கள் வெட்டும் பூமியில், மின்னல் எப்படித் தொடங்குகிறது என்பதற்கு ஒருமித்த விடை இல்லை.

இந்த வழக்கில் புதிய சாட்சிகள் வந்துகொண்டிருக்கின்றன. நெதர்லாந்தின் லோஃபார் வானலை வாங்கிகள், காஸ்மிக் கதிர்ப் பொழிவு எழுப்பும் வானலைத் துடிப்பின் அதிர்வுத் திசை, இடிமேகம் இருக்கும்போது மாறிப்போவதை 2015இல் காட்டின. அதைவைத்து மேகத்தின் வெவ்வேறு உயரங்களில் மின்புலத்தின் திசையை ஊகிக்கலாம். மியூவானுக்குத் தெரியாத அந்தப் பங்கீட்டை வானலை சொல்கிறது. 2023 ஜூலையில் கரீபியன் பகுதியின் வெப்பமண்டல இடிமேகங்களுக்கு மேலே ஆராய்ச்சி விமானத்தைப் பறக்கவிட்ட அலோஃப்ட் குழு, அந்த மேகங்கள் மணிக்கணக்கில் காமா கதிரில் கனன்றுகொண்டிருப்பதைக் கண்டு 2024இல் வெளியிட்டது. வெப்பமண்டல மேகங்களைப் பற்றிய செய்தி என்பதால் நமக்கு அது கூடுதல் அக்கறைக்குரியது. பெரிய மியூவான் தொலைநோக்கி ஒன்று வெப்பமண்டலத்தில், மலைமேல், இரண்டு பருவமழைகளின் பாதையில் இருக்கிறது. அப்படி அமைந்த இடங்கள் உலகில் அதிகமில்லை.

நிறைவாக

காஸ்மிக் கதிர் ஆய்வாளர்களுக்கு இடிமழை ஒரு தொந்தரவு. விண்வெளியைப் பற்றிய கணக்கில் அந்த நிமிடங்களைக் கழித்துவிட வேண்டும். வளிமண்டல ஆய்வாளர்களுக்கு மியூவான் அந்நியத் துகள். பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஒரு துறை கழித்துவிட்டதும் இன்னொரு துறை கண்டுகொள்ளாததும் சேர்ந்தபோது, வில்சனின் தொண்ணூறு ஆண்டு மதிப்பீட்டுக்கு முதல் அளவீடு கிடைத்தது.

அதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வேறொன்றுக்காகக் கட்டிய கருவியின் பதிவுகளை நிமிடவாரியாக, திசைவாரியாக, ஆண்டுக்கணக்கில் விடாமல் பாதுகாத்து வைத்திருந்தது தேவைப்பட்டது. காற்றழுத்தம், வெப்பநிலை என்று ஒவ்வொரு காரணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்துவிட்டு, எஞ்சிய இரண்டு சதவீதத்தைப் பிழையென்று தள்ளாமல் நின்று கேட்டது தேவைப்பட்டது. இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் எடுக்கும் பதிவேட்டிலும் இப்படி எஞ்சும் சதவீதங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை பிழைதான், அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எவை பிழை என்று சொல்லும் உரிமை, போதுமான அளவு எண்ணிப் பார்த்தவர்களுக்கே உண்டு.